வெள்ளிக்கிழமைப் பேருந்து

டியர்னி பப்,
கில்ஃபாரன்
ஜூன் 7

நெசா,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. இந்தக் கடிதத்தை வின்சியிடம் கொடுத்தனுப்பப் பார்த்தேன். "நான் பிளம்பர், மாலக்கி. புறா இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் அரை மைல் தள்ளி இருப்பவளுக்கு அஞ்சல்தலை ஒட்டுகிறேன். தபால்காரி கார்மெல் இதை உன் கையில் தரும்போது எந்த முகத்தோடு தருவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் கேட்டது ஒன்றே ஒன்று. நீங்கள் வாசிக்க மூலையில் வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கிற நாற்காலிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்றேன். நாற்காலியைத்தானே திருப்பச் சொன்னேன், தலையையா? கடல் தாண்டி வந்தவர்களுக்கு நான் காட்டுவது ஆறு முதுகு. அவர்களுடைய வழிகாட்டி என் காதருகே வந்து, "உங்க ஆளுங்களுக்கு எங்க மேல ஏதாவது கோவமா சார்?" என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?

நீ உன் கான்சர்ட்டினா வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எழுந்தாய். உன் பின்னால் வின்சி ஃபிடிலோடு எழுந்தான், பெக் எழுந்தாள், மற்ற மூவரும் எழுந்தார்கள். பாதி பியரை மேசையில் விட்டுவிட்டுப் போகிற இசைக்காரர்களை இந்த ஊர் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே ஊரை இரண்டாக்குகிறீர்கள்.

நீ மன்னிப்புக் கேட்கும்வரை என் கதவுக்குள் வராதே. மற்றவர்கள் வரலாம். சின்ன வயதிலிருந்து பக்கத்து வீடு, ஒரே பள்ளி வாத்தியக் குழு என்பதற்காகத்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

மாலக்கி


வின்சி வீட்டுக்குப் பின்னால், கேரவன்
ஜூன் 10

மாலக்கி,

கார்மெல் கடிதத்தைத் தரும்போது சிரிக்கவில்லை. "இதுக்கு நான் சைக்கிள மிதிக்கணுமாடி, நடுத்தெருவுல நின்னு கத்திக்கிட்டா ஊருக்கே கேக்குமே" என்றாள், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பதறாமல் படிப்பாய்.

நீயும் பான்ஜோ வாசித்தவன். நாங்கள் ஏன் ஒருவரை ஒருவர் பார்த்து உட்காருகிறோம் என்று உனக்குத் தெரியும். எங்களிடம் காகிதம் இல்லை, வரிசை எழுதி வைத்ததில்லை. ஒரு மெட்டு முடிந்து அடுத்த மெட்டுக்குத் தாவப்போவதை வின்சியின் முழங்கை சொல்லும். அவனுடைய முழங்கை தெரியாமல் நான் என்ன வாசிக்க? பேருந்தைப் பார்த்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கச்சேரி. கச்சேரி வேண்டுமென்றால் நகரத்தில் மேடை இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். எங்களுடையது செஷன். நாங்கள் எங்களுக்காக வாசிக்கிறோம். யார் வேண்டுமானாலும் பக்கத்தில் இருந்து கேட்கலாம். மூன்று தலைமுறையாக இந்த மாவட்டத்துக்கே தெரிந்த இந்த வித்தியாசம் உனக்கு மட்டும் இந்த வருடம் மறந்துபோயிற்று.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நாற்காலிக்காக நான் எழுந்திருக்கவில்லை. நீ கேட்டாய், நாங்கள் காதில் வாங்கவில்லை, அத்தோடு அது முடிந்தது. அதன் பிறகு பெக் பாடினாள். வாத்தியம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, அவள் குடும்பத்தில் படகோடு கடலில் மூழ்கிப்போனவனைப் பற்றிய பாட்டை. அவள் பாடும்போது நாங்கள் கோப்பையைக்கூட மேசையில் வைக்க மாட்டோம், சத்தம் கேட்கும் என்று. உன் வழிகாட்டி எழுந்து நின்று தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பித்தான், பேருந்து முழுக்கத் தட்டியது. செத்தவன் பாட்டுக்குக் கல்யாணக் கைதட்டு. பெக் மூன்றாவது அடியில் நிறுத்திவிட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டே நீயும் கைதட்டினாய்.

அப்போதுதான் பெட்டியைப் பூட்டினேன்.

இன்னொன்று. நாலு வருடம் உன் மாடி அறையில் வாடகை கொடுத்து இருந்தேன். பயணிகளுக்கு விடப்போகிறேன் என்று மார்ச்சில் என்னை வெளியே அனுப்பினாய். சரி, உன் கட்டடம். ஆனால் இப்போது அந்தக் கதவில் பயணிகள் எண் அழுத்தித் திறக்கிற எண்பூட்டு தொங்குகிறது, மேலே ஒரு பலகை. "இசைக்கலைஞர் கூடு." ஜன்னலில் கம்பி அறுந்த ஒரு பழைய ஃபிடிலையும் மாட்டி வைத்திருக்கிறாய். இசைக்கலைஞர் கேரவனில் இருக்கிறாள், மாலக்கி. மழை பெய்தால் படுக்கையின் கால்மாட்டில் ஒழுகுகிறது.

நெசா


டியர்னி பப்
ஜூன் 17

நெசா,

பெக் விஷயம் எனக்கு உறைக்கவில்லை என்று நினைக்காதே. நான் கைதட்டியது, ஐம்பது பேர் கைதட்டும்போது கடைக்காரன் மட்டும் சும்மா நிற்க முடியாது என்பதால். உனக்கு அது புரியாது. நீ கல்லாவுக்குப் பின்னால் நின்றதில்லை.

நவம்பரில் வந்து பார். இந்தத் தெருவில் நாய்கூட நடக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பண்ணைக்காரர்கள் வீட்டிலேயே குடிக்கிறார்கள். உள்ளூர்க்காரன் ஒருத்தன் வந்தால் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு என் நெருப்பில் கால் காயவைக்கிறான். நீங்கள் ஆறு பேர் மட்டும் என்ன, ஒரு மாலை முழுக்க எத்தனை கோப்பை? அப்பா எனக்கு விட்டுப்போனது இந்தக் கட்டடமும் கூரையில் ஓட்டையும். பேருந்து நிற்பதால்தான் கூரை நிற்கிறது. சிப்ஸ் கடையும் ரொட்டிக் கடையும் நிற்பதும் அதனால்தான். செவ்வாய், வெள்ளி, வாரத்துக்கு இரண்டு பேருந்து. இதைக் கேவலம் என்று சொல்ல உனக்கு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு, மீதி நேரம் மனிதர்களை வெறுக்கிறாய்.

உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தேன். பொடியன்கள், நன்றாக வாசிப்பவர்கள். உள்ளே வந்தார்கள், மூலையைப் பார்த்தார்கள். "இது யார் இடம்?" என்று ஒருத்தன் கேட்டான். என் இடம் என்றேன். "இல்ல, யாரு உக்காந்து வாசிப்பாங்க?" உன் பெயரைச் சொன்னேன். "அவங்க எங்க?" வரமாட்டாள் என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "வெளிய அனுப்புன ஆள் நாற்காலியில எப்படி உக்கார்றது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். அந்த நாற்காலிகள் நான் காசு கொடுத்து வாங்கியவை. அவற்றின் மேல் எனக்கில்லாத உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது?

இப்போது நகரத்திலிருந்து இருவர் வருகிறார்கள். கிதாரும் ஒலிபெருக்கியும். அவர்களுக்கு எந்த நாற்காலியும் வேண்டாம், நின்றுகொண்டே பாடுகிறார்கள். பேருந்துக்காரர்களுக்குத் தெரிந்த குடிப்பாட்டுகள். எல்லாருக்கும் சந்தோஷம்.

சலவைக் கடையில் வாசிக்கிறாயாமே. நன்றாகத் துவைத்துக் காயப்போடு.

மாலக்கி


கேரவன்
ஜூன் 21

மாலக்கி,

ஆமாம், யோலாவின் சலவைக் கடையில்தான். பதினைந்து வருடமாக இந்த ஊர்ச் சட்டைகளை வெளுக்கிறாள், இன்னும் "அந்தப் போலந்துக்காரி" என்றுதான் சொல்கிறீர்கள். அவள் கேட்டது இரண்டே விஷயம். இயந்திரத்தின் மேல் கோப்பை வைக்கக் கூடாது, சோப்புத்தூள் டப்பாவில் சிகரெட் அணைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை எப்படி இருந்தது தெரியுமா? பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். உன் பேருந்திலிருந்து நாலைந்து பேர் உன் ஒலிபெருக்கி தாங்காமல் தெருவில் இறங்கி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். ஒரு டச்சுக்காரப் பெண்மணி சும்மா உட்காரக் கூச்சப்பட்டு யோலாவுக்குப் போர்வை மடித்துக் கொடுத்தாள். பெக் பாடப்போகும்போது உலர்த்தும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கசாப்புக் கடைக்காரர் ரோரியின் உடுப்புகள். அவரே எழுந்துபோய் நிறுத்தினார்.

"ஈரமா கெடக்கும் ரோரி" என்றாள் யோலா.

"கெடக்கட்டும். பெக் ஒரு தடவதான் பாடுவா, சட்ட நாளைக்கும் காயும்."

அந்த டச்சுக்காரியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். பயணிகளுக்குப் புரியாது என்று நீதான் முடிவு செய்துவிட்டாய். அவர்களை முட்டாளாக்கி வைத்தால்தான் உனக்கு வியாபாரம்.

நீ எழுதியதற்கும் பதில் சொல்கிறேன். நான் மனிதர்களை வெறுக்கவில்லை. இந்தத் தெருவில் பாதி வீட்டுக் கதவில் எண்பூட்டு தொங்குவதை வெறுக்கிறேன். ஊர்க்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவர்களுடைய ஊரைப் பார்க்க ஆள் கூட்டி வருகிறாயே, அதை வெறுக்கிறேன். நவம்பரில் நாய்கூட நடக்காது என்கிறாய். நடப்பவர்கள் எங்கே குடியிருப்பார்கள், மாலக்கி?

நெசா


கேரவன்
ஜூலை 1

மாலக்கி,

நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாள், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு பெக் தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் செத்துப்போனாள். இதுவரை உனக்குத் தெரியும். மலர்வளையம் அனுப்பினாய்.

நேற்று சர்ச்சிலிருந்து மயானத்துக்குத் தெரு வழியாக வந்தோம். எப்போதும் போல எல்லாக் கடையும் கதவைச் சாத்தி, திரையை இறக்கியிருந்தது. ரோரி ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சிப்ஸ் கடைப் பையன்கள் வரிசையாக நின்றார்கள், அவர்கள் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வழக்கப்படி சவ ஊர்தி பெக்கின் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றது. அவளுடைய கணவர் கிறிஸ்டி ஓட்டுநரிடம், "டியர்னி வாசல்லயும் நிறுத்துங்க. வீட்ட விட அங்கதான் அவ அதிகமா பாடுனா" என்று சொல்லியிருந்தார்.

நின்றது. உன் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் பேருந்து. உள்ளே ஒலிபெருக்கியில் குடிப்பாட்டு, ஐம்பது பேர் மேசையைத் தட்டிக்கொண்டு. ஊர்தி நின்ற அந்த ஒரு நிமிடமும் அந்தப் பாட்டு ஓடியது. வின்சி தரையைப் பார்த்தான். கிறிஸ்டி மட்டும் உன் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

யாராவது கல்லெறிந்திருந்தால் உனக்கு நல்லது. யாரும் எறியவில்லை.

நெசா


டியர்னி பப்
ஜூலை 6

நெசா,

நான் நிலவறையில் இருந்தேன். பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தேன். பேருந்து நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு நிறுத்திக் கதவைச் சாத்துங்கள் என்று அந்த இருவரிடமும் சொல்லியிருந்தேன். அவர்கள் நகரத்துப் பையன்கள், எதற்கு என்று கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. இந்த ஊரில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லையே, அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டேன். மேலே வந்தபோது ஊர்தி நகர்ந்துகொண்டிருந்தது. கை முழுக்க நுரையோடு வாசலில் நின்றேன். கிறிஸ்டியின் முதுகைத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊர்க்காரன் ஒருத்தன்கூட உள்ளே வரவில்லை. ரொட்டிக் கடைக்காரி கதவைத் தட்டாமல் படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அப்பா இருந்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார், அத்தோடு விஷயம் தீர்ந்திருக்கும். நீங்கள் அடிப்பதுமில்லை, பேசுவதுமில்லை.

கிறிஸ்டியிடம் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை முடித்துவிட்டு வந்தேன்.

மாதம் நிறைந்ததும் பெக்குக்குப் பூசை இருக்கிறது. பூசை முடிந்து எல்லாரும் எங்காவது கூட வேண்டும். இங்கே கூடுங்கள். திங்கட்கிழமை, பேருந்து இல்லாத நாள். கதவைச் சாத்திவிடுகிறேன், நம் ஆட்கள் மட்டும். சாப்பாடு, குடி எல்லாம் என் பொறுப்பு. நாற்காலியை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். உனக்கு விதித்த தடையும் இல்லை. இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது, நெசா.

மாலக்கி


கேரவன்
ஜூலை 9

மாலக்கி,

உன் கடிதத்தைக் கிறிஸ்டிக்கும் வின்சிக்கும் படித்துக் காட்டினேன். வின்சி, "பாவம்டி" என்றான். கிறிஸ்டி, "கதவச் சாத்திட்டு எதுக்கு?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார்.

நானும் அதையே கேட்கிறேன். ஐம்பது பேர் முன்னால், கதவைத் திறந்துபோட்டு அவமானப்படுத்தினாய். யாரும் பார்க்காத திங்கட்கிழமையில், கதவைச் சாத்திக்கொண்டு மரியாதை செய்யப் பார்க்கிறாய். அந்த வியாபாரம் வேண்டாம்.

பூசையை வெள்ளிக்கிழமைக்கு வைக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் கிறிஸ்டி கேட்டுவிட்டார். ஜூலை 31. முடிந்ததும் நேராக உன் கடைக்கு வருவோம். பேருந்து இருக்கட்டும், வழிகாட்டி இருக்கட்டும். நாங்கள் எங்கள் மூலையில் எங்களைப் பார்த்து உட்காருவோம். பெக்கின் பாட்டை அவள் மகள் பாடுவாள். ஒலிபெருக்கியை அணைக்க வேண்டியது நீ. அந்த ஆளைக் கைதட்டாதே என்று சொல்ல வேண்டியதும் நீ. எங்களில் யாரும் அவனிடம் பேச மாட்டோம். உன் பேருந்து, உன் வழிகாட்டி, உன் வாய்.

சாப்பாட்டுக்கும் குடிக்கும் நாங்கள் காசு கொடுப்போம். உன் அனுமதியைக் கேட்டு எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். மறுபடி என்னைத் தடுக்க நினைத்தால் வாசலில் வைத்துத் தடு, கிறிஸ்டியின் முன்னால்.

நெசா


டியர்னி பப்
ஆகஸ்ட் 4

நெசா,

நீ எல்லாவற்றையும் முதுகுப்பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதனால் என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது.

நீங்கள் வருவதற்கு முன்பே ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். பெக்கின் மகள் எழுந்து தொண்டையைச் செருமியபோது வழிகாட்டியிடம் போய், "இப்ப யாரும் தட்டக் கூடாது" என்றேன். சிரித்தான். "எங்க ஆளுங்க காசு குடுத்திருக்காங்க சார், அவங்களுக்கு ஒரு சந்தோஷம் வேணும்ல" என்றான். "இது செத்த வீடு. செத்த வீட்டுல உங்க ஊர்ல தட்டுவீங்களா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், ஆனால் பாதிக் கடைக்குக் கேட்டுவிட்டது. பிறகு அந்த ஐம்பது பேர் முன்னாலும் நின்று, யாருக்காக இந்தப் பாட்டு, போன மாதம் என் கடையில் அவளுக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நாலு பேர் எழுந்து பேருந்துக்குப் போனார்கள். மீதிப் பேர் மூச்சுவிடக்கூட யோசித்தார்கள். அவள் மூன்றாவது அடியைத் தாண்டியபோது நான் கல்லாவுக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன்.

நேற்று பேருந்துக் கம்பெனியிலிருந்து ஆள் பேசினான். வாத்தியக்காரர்கள் மேடையில், பயணிகளைப் பார்த்து, ஒலிபெருக்கியோடு இருந்தால்தான் இனி நிறுத்துவார்களாம், இல்லையென்றால் கடற்கரை ஊரில் வேறு கடை பார்ப்பார்களாம். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது. போனை வைத்த பிறகு அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேள். இந்தக் குளிர்காலத்தில் நான் மூழ்கினால் அதில் உனக்கும் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வா. அத்தனை பேரும் வாருங்கள், ஒரு கோப்பையோடு நிறுத்தாமல் குடியுங்கள். வாசிப்பவர்களில் இருவருக்கு மட்டும் கூலி, மற்றவர்களுக்கு ஒரு கோப்பை என்ற பழைய கணக்கையும் மாற்றலாம், உட்கார்ந்து பேசுவோம். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கிறிஸ்டியிடம் கேட்டுவிட்டேன், அது அவருக்கும் எனக்கும்.

மாடி அறையின் எண்பூட்டைக் கழற்றிவிட்டேன். பலகையை அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தது. சாவியை இதோடு வைத்திருக்கிறேன். வந்து இரு. வாடகை ஒன்றும் வேண்டாம்.

மாலக்கி


கேரவன்
ஆகஸ்ட் 7

மாலக்கி,

நீ குனிந்ததை வின்சி பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான். அதாவது ஊருக்கே தெரியும்.

கம்பெனிக்காரனிடம் நீ சொன்னதைப் படித்துவிட்டு வெளியே போய் மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். அதைப் பற்றி வேறெதுவும் எழுத மாட்டேன். குளிர்காலத்துக்கு யோலா ஒரு யோசனை வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் உன் கடையில் சூப்பும் பண்ணைக்காரர்களை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வண்டியும். பெக்கின் பேருந்தை ஓட்ட உரிமம் உள்ளவர் இந்த ஊரில் கிறிஸ்டி மட்டும்தான், அவருக்கும் மாலையில் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பள்ளியிடம் கேட்டுப்பார்க்கலாம். நீ அவளிடம் பேசு. அவளை யோலா என்று கூப்பிடு.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கூலி விஷயத்தை மீதியிருக்கிற ஐந்து பேரும் சேர்ந்து பேசுவோம், தனித்தனியாக இல்லை.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். கார்மெல் திட்டினாள். "கெடைக்கிற கூரைய எட்டி ஒதைக்கிறியே, நீ மனுஷியா?" என்றாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நாலு வருடம் உன் மாடியில் ஒரு காகிதமும் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பழக்கம் என்ற தயவில் இருந்தேன். அதனால்தான் மார்ச்சில் ஒரே வார்த்தையில் என்னை வெளியே அனுப்ப உன்னால் முடிந்தது. இன்றைக்கு உனக்கு மனம் இளகியிருக்கிறது, வாடகை வேண்டாம் என்கிறாய். அடுத்த மார்ச்சில் கூரை ஒழுகும், மனம் மாறும். அப்போது என் கையில் என்ன இருக்கும்?

ஒப்பந்தம் எழுது. எத்தனை வருடம், என்ன வாடகை, எத்தனை மாத முன்னறிவிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். ஊர்க்காரர் யாருக்கு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன் என்கிற மாதிரி எழுது, கையெழுத்துப் போடு. தெருவில் மற்ற வீட்டுக்காரர்களிடம் காட்ட எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

அதுவரை இங்கே ஒழுகட்டும். பக்கெட் இருக்கிறது.

நெசா